மரக்கறி அடிசிலும் இல்லற அன்பும்

மக்கள் வாழ்க்கையில் நாள்தோறும் தவறாது நிகழ்வது உண்டல் தொழில். நூல் ஓதாத நாள் உண்டு. பாட்டுக் கேளாத நாள் உண்டு. நண்பரைக் காணாத நாளும் உண்டு. உண்ணாத நாளோ நோயாலும் நோன்பாலும் வறுமையாலும் வருவதன்றி இயல்பாக வருவதில்லை. ஆதலின் இருவர் கூடி வாழும் இல்லத்தில் அன்பு பெரிதும் வெளிப்படும் இடமும் அடுக்களையே. மனவருத்தம் பெரிதும் விளையும் இடமும் அடுக்களையே. அவ்விருவருள் ஒருவர் ஊன் உண்ணும் குடியிலும், மற்றவர் ஊன் உண்ணாக் குடியிலும் பிறந்து வளர்ந்தவராயின், அவ்வில்லத்து அடுப்பில் எவ்வாறு உலை ஏறுதல் வேண்டும்? இவ்வினாவை யாம் இக்கட்டுரையிற் சிறிது ஆராயப் புகுகின்றேம்.

இல்லறம் புகாத மாணாக்கர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று பெரியோர் சிலர் முறுவலித்தலுங் கூடும். வகுப்பறையில் ஒரே பலகையில் அமர்ந்து ஒரே நூலை ஓதுவோர், உணவு மணி அடித்ததும் இரு வேறு பந்திகளாகப் பிரிதலை நாம் நாள்தோறும் காண்கின்றோம். பந்தியிற் பிரிந்தவர் நட்பிற் பிரிவதில்லை. அந்நட்புச் சிலரிடத்துக் காதலாய் முதிர்ந்து மணத்தில் முடிதலும் உண்டு. 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டம், வெவ்வேறு சமயத்தார் தத்தம் சமயத்தை விடாமலே மணந்துகொள்ள வழி வகுத்திருக்கின்றது. ஆயினும் சட்டம் பதிவேட்டிற் கையெழுத்து வாங்கியதோடு தன் கடமையை முடித்துக்கொள்ளும். மறுநாட் காலையில் என்ன சமைப்பது என்பதை அது சொல்லாது. அதனை நாமே கற்றல் வேண்டும். காலத்தே கற்றலும் வேண்டும்.

முதற்கண் சொற்களை நோக்குவோம். ஊன் கலவா உணவைத் தமிழ்நாட்டார் 'சைவம்' என்பர். சமயத்தின் பெயர் உணவிற்குப் பெயராயிற்று. கிறித்தவர் ஒருவர் உணவுச்சாலையில் 'எனக்குச் சைவம்' என்று கூறுங்கால், அவர் தம் சமயத்தைக் கூறினார் என்று எவரும் கொள்வதில்லை. ஈழத் தமிழரோ அவ்வுணவை 'மரக்கறி' என்பர். 'கறி' என்னும் சொல் சங்க நூல்களில் மிளகைக் குறிக்கும். பின்னர்ச் சோற்றொடு கூட்டி உண்ணும் பலவற்றையும் குறித்தது. இன்று தமிழ்நாட்டின் பல பகுதிகளில் 'கறி எடுத்தோம்' என்றால் இறைச்சி வாங்கினோம் என்பதே பொருள். யாம் ஈண்டு 'மரக்கறி' என்னும் சொல்லையே ஆள்கின்றேம். என்னை? அச்சொல் உண்பவருடைய சமயத்தையோ குலத்தையோ சுட்டாது, இலையில் இருப்பதை மட்டும் சுட்டுகின்றது ஆகலின்.

எம் கருத்து இதுவே: ஊன் உண்பவர், ஊன் உண்ணாத தம் துணைக்காக மரக்கறி சமைக்கக் கற்றல் வேண்டும். அதனை ஊனைக் கழித்த மிச்சமாகக் கொள்ளாது, தனித்த ஒரு கலையாகக் கொண்டு முறையாகக் கற்றல் வேண்டும். அங்ஙனம் கற்றலால் தம் உணவு இழிந்தது என்று அவர் ஒப்புக்கொண்டவர் ஆகார், ஒப்புக்கொள்ளவும் வேண்டா. இதற்கு எழும் தடைகள் இரண்டு. அவற்றை முறையே காண்போம்.

'உணவில் தீட்டு இல்லை என்பது நம் கொள்கை. யோப்பா பட்டினத்தில் பேதுரு கண்ட தரிசனம் இதனைக் காட்டுகின்றது. அங்ஙனமிருக்க ஒருவர்பொருட்டு நம் அடுப்பை நாம் மாற்றுவது ஏன்?' என்பர் கிறித்தவருள் ஒரு சாரார். நன்று. ஆயின் பேதுரு அத்தரிசனத்தின் பொருளை உணவளவில் நிறுத்திக்கொள்ளவில்லை; எந்த மனிதரையும் தீட்டுள்ளவர் என்று தள்ளலாகாது என அவர் விரித்துணர்ந்தமையை அப்போஸ்தலர் நடபடிகளின் 10ஆம் அதிகாரமே கூறுகின்றது. இன்னும், எல்லாவற்றையும் உண்பாரும் மரக்கறி ஒன்றையே உண்பாரும் ஒரே சபையில் இருந்த நிலையைப் பவுலடிகள் ரோமர்க்கு எழுதிய நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் எடுத்துப் பேசுகின்றார். உண்பவர் உண்ணாதவரை இகழலாகாது. உண்ணாதவர் உண்பவரைக் குற்றவாளி என்று தீர்க்கலாகாது என்பது அவர் காட்டும் நெறி. அவர் இரு சாராரையும் கட்டுப்படுத்துகின்றமை கருதத்தக்கது. உரிமை வேறு, கட்டாயம் வேறு. உண்ணலாம் என்னும் உரிமை உடையவர்க்கே, பிறர்பொருட்டு உண்ணாதிருக்கும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையை அன்பினாற் செலுத்துதல் சமயத்திற்கு மாறாவது எங்ஙனம்?

இரண்டாந் தடை வலிமை மிக்கது, எளிதிற் தள்ளத்தக்கதன்று. மரக்கறி மேலோர் உணவு, ஊன் கீழோர் உணவு என்னும் எண்ணம் நம் நாட்டில் மக்களை நெடுங்காலம் பிரித்து வைத்தது. இன்றும் நகரங்களில் ஊன் உண்பார்க்கு வீடு வாடகைக்கு இல்லை என்னும் சொல் கேட்கப்படுகின்றது. இந்நிலையில் கிறித்தவ இல்லத்து மகனோ மகளோ மரக்கறி கற்பது, அவ்விழிவுரைக்குத் தலைவணங்குவதாகாதோ என்று கேட்பார் உளர். வரலாற்றிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. 1606ஆம் ஆண்டு மதுரை வந்த இத்தாலியத் துறவியாகிய தத்துவ போதகர் எனப்படும் இராபர்ட் தெ நோபிலி, புலாலையும் மதுவையும் விட்டு, சோறும் காயும் உண்டு வாழ்ந்தார். தாம் சென்றடைய விரும்பிய மக்கள்பொருட்டு அவர் தம் நாவைத் துறந்தமை வியக்கத்தக்கது. அதனோடு அவர் சாதி வேற்றுமைக்கும் இடங்கொடுத்து நடந்தார் என்று பின்னோர் பலர் குறை கூறினர். ஒரே உணவு ஒரு பக்கத்தில் அன்பிற்கும், மற்றொரு பக்கத்தில் பிரிவினைக்கும் கருவியாதலை அவர் வாழ்க்கை காட்டுகின்றது.

ஆகலின் இவ்விரண்டையும் பிரித்தறியும் அளவுகோல் நமக்கு வேண்டும். யாம் கூறும் அளவுகோல் இதுவாம். ஊன் உண்ணும் குடியிற் பிறந்தவருடைய தாய் மகள் வீட்டிற்கோ மகன் வீட்டிற்கோ வருங்கால், தாம் ஆக்கிய மீன்குழம்பைச் சிறு தூக்கில் அச்சமின்றிக் கொண்டுவர இயலுமா? அக்குடியார் தம் உணவின் பெயரைத் துணையின் உறவினர்முன் தாழ்ந்த குரலிற் கூறாது இயல்பான குரலிற் கூற இயலுமா? இயலுமாயின், அவ்வீட்டில் மரக்கறி சமைப்பது அன்பின் செயல். இயலாதாயின் அஃது அன்பன்று; ஆணை. ஆணைக்கு அஞ்சிச் சமைக்கப்படும் சோறு எத்துணைச் சுவை உடையதாயினும் தொண்டையில் இறங்குவது அரிது. வெறுப்போடு கூடிய கொழுத்த விருந்தினும் அன்போடு கூடிய கீரை உணவு மேல் என்பது நீதிமொழிகளின் கருத்து. கீரை வீட்டிலும் வெறுப்புப் புகுந்தால் அதன் மேன்மை போயிற்று என்பதனையும் நாம் உடன் கொள்ளல் வேண்டும்.

இனிக் கற்கும் முறையை நோக்குவோம். ஆட்டிறைச்சிக் குழம்பில் இறைச்சியை நீக்கி உருளைக்கிழங்கை இட்டுவிட்டால் மரக்கறி ஆயிற்று என்பது புதியோர் பலருடைய எண்ணம். அக்குழம்பு சப்பென்று இருத்தலைக் கண்டு, மரக்கறிக்கே சுவை இல்லை என்று அவர் முடிவு கட்டுவர். குறை மரக்கறியினது அன்று, முறையினது. இறைச்சி வேகும்போது தன் கொழுப்பையும் சாற்றையும் குழம்பிற்குக் கொடுக்கும். கிழங்கோ குழம்பின் உப்பையும் உறைப்பையும் தான் வாங்கிக்கொள்ளும். கொடுப்பதை நீக்கி வாங்குவதை இட்டால் குழம்பு மெலிதல் இயல்பே. ஆதலின் இறைச்சி கொடுத்து வந்த சாரத்தை வேறு எதனால் ஊட்டுவது என்று வினவுதலே இக்கலையின் முதற் பாடம்.

இவ்வினாவிற்கு அறிவியலும் அடுக்களையும் ஒருங்கே விடை கூறுகின்றன. 1908ஆம் ஆண்டில் கிக்குனாயே இக்கேதா என்னும் சப்பானியப் பேராசிரியர், கடற்பாசி வடிநீரின் தனிச்சுவைக்குக் குளுட்டமேட்டு என்னும் பொருள் காரணம் என்று கண்டறிந்தார். இறைச்சிச் சாற்றிலுள்ள நிறைசுவைக்கும் அஃது ஒரு காரணம். அது பழுத்த தக்காளியிலும் காளானிலும் உண்டு. 1912ஆம் ஆண்டில் லூயி கமில் மையார் என்னும் பிரெஞ்சு அறிஞர், சர்க்கரைப் பொருளும் அமினோ அமிலமும் வெப்பத்திற் கூடிப் பழுப்பேறும் வினையை விளக்கினார். இறைச்சி வறுபடும்போது எழும் மணம் பெரிதும் இவ்வினையால் வருவது. தேங்காய் வறுபடும்போது எழும் மணமும் அவ்வாறே. நாஞ்சில் நாட்டார் இதனை நூலின்றியே அறிந்தவர். தேங்காய்த் துருவலை இளந்தீயிற் கருஞ்சிவப்பாகும்வரை பொறுமையாக வறுத்து, மல்லியும் மிளகாயும் கூட்டி மைபோல் அரைத்து, சிறிய வெங்காயம் இட்டுப் புளிவிட்டு அவர் ஆக்கும் உள்ளித்தீயலை உண்டவர், அதில் ஊன் இல்லையே என்று ஏங்கார். தேங்காய் வெளுத்திருக்கும்போதே அடுப்பை அணைத்தவரே ஏங்குவர்.

அடுத்தது மெல்லுதற்குரிய திண்மை. ஊன் உண்டு பழகிய பல், குழைந்த காயை மட்டும் கண்டு நிறைவுறாது. துவரம்பருப்பை ஒரு மணி முதல் இரண்டு மணி நேரம் ஊறவைத்து, மிளகாயும் பெருங்காயமும் உப்பும் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, உருட்டி, முதலில் ஆவியில் வேகவைத்துப் பின்னர்ப் புளிக்குழம்பில் இட்டால் உருண்டைகள் கரையா. இதுவே பருப்புருண்டைக் குழம்பு. பலாப் பிஞ்சைக் கறிமசாலாவில் வதக்கினால் அதன் நார் பல்லிற்கு நல்ல வேலை கொடுக்கும். வாழைப்பூவில் 'கள்ளன்' என்னும் நரம்பை நீக்கி, நறுக்கியதை மோர் கலந்த நீரில் இட்டால் அது கறுக்காது. சேனைக்கிழங்கின் அரிப்பு அதிலுள்ள ஊசி போன்ற ஆக்சலேட்டுப் படிகங்களால் வருவது. புளிநீரில் வேகவைத்து எடுத்தலே நம் பாட்டிமார் கண்ட பரிகாரம். மற்றொரு விதியும் மறத்தற்குரியதன்று. பருப்பும் காயும் மெத்தென்று வெந்த பின்னரே புளியை ஊற்றல் வேண்டும். புளிப்பு அவற்றின் மெதுவாதலைத் தடுக்கும் ஆகலின், முன்னரே ஊற்றியவர் நெடுநேரம் எரித்தும் விறைத்த பருப்பையே காண்பர்.

இத்தகைய நுட்பங்களைக் கற்பிக்க வீட்டில் மூத்தோர் இல்லாதார் என் செய்வது? அன்னோர்க்கென்றே எஸ். மீனாட்சி அம்மாள் 1951ஆம் ஆண்டில் 'சமைத்துப் பார்' என்னும் நூலை வெளியிட்டார். அளவும் முறையும் வரிசையும் கூறி, மரக்கறி சமையலைத் தனியே நின்று கற்கத்தக்க பாடமாக்கினமை அந்நூலின் சிறப்பு. இலக்கணம் கற்பார்க்கு நன்னூல் எங்ஙனமோ, அடுக்களை புகும் புதியோர்க்கு அஃது அங்ஙனம் என்று கூறுதல் மிகையாகாது.

உடல் நலமும் கருதற்பாலது. அரிசியில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பிற் குறைந்த மெத்தியோனின் அரிசியில் உண்டு. ஆகவே பருப்புச் சோறும் இட்டிலியும் பொங்கலும் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும் நல்ல இணைகள். கீரையிலும் பயற்றிலும் உள்ள இரும்புச்சத்து, ஊனிலுள்ளதைப்போல எளிதில் உடலிற் சேராது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ உடன் உண்டால் அது நன்கு சேரும். உண்டவுடன் தேநீர் அருந்தினால் தடைப்படும். பி12 என்னும் உயிர்ச்சத்துக் காய்கனிகளிற் கிடைப்பதன்று. பாலும் தயிரும் அதனை ஓரளவு தரும். பாலையும் விலக்குவோர் மருத்துவரைக் கேட்டு அதனைத் தனியே உட்கொள்ளல் வேண்டும்.

இவற்றினும் நுண்ணியது ஒன்று உண்டு. அதுவே நம்பிக்கை. ஊன் உண்ணாதவர் தம் துணை இட்டதை ஆராயாது உண்கின்றார். அந்நம்பிக்கையைக் காப்பது சமைப்பவர் கடன். கருவாடு பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரித்தலும், மீன்குழம்பு துழாவிய அகப்பையால் சாம்பாரைத் துழாவுதலும் சிறு செயல்களாகத் தோன்றலாம். உண்பவர்க்கு அவை சிறியன அல்ல. கடையில் வாங்கும் இனிப்பிலுள்ள ஜெலட்டின் விலங்கின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுக்கப்படுவது. சிலவகைப் பாலாடைக் கட்டிகள் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருளால் உறையூட்டப்படுவன. பொதிந்த உணவின்மேல் உள்ள பச்சைக் குறியைப் பார்த்து வாங்குதல் இவ்வையத்தைப் போக்கும். முட்டையை உண்பாரும் உண்ணாரும் இருத்தலின், நாமே முடிவு செய்யாது கேட்டறிதல் வேண்டும். 'சிறிது கலந்தால் தெரியவா போகிறது?' என்பார் சொல் அடுக்களையில் ஏறலாகாது. தெரியாதபடி செய்தல் விளையாட்டன்று, வஞ்சனை.

இனி, இதனைக் கற்கவேண்டியவர் யார்? மனைவியே என்று பலரும் விரைந்து விடை கூறுவர். கூடலூர் கிழார் பாடிய குறுந்தொகை 167ஆம் செய்யுளைத் தமிழ் மாணாக்கர் அறிவர். புதுமணப் பெண் ஒருத்தி தன் மெல்விரல்களால் தயிரைப் பிசைந்து, அக்கையை உடுத்த ஆடையிலே துடைத்து, தாளிப்பின் புகை கண்ணிற் படத் தானே துழாவிப் புளிக்குழம்பு ஆக்குகின்றாள். கணவன் இனிது என்று உண்கின்றான். அவள் முகம் நுட்பமாக மலர்கின்றது. மகளின் இல்லறத்தைக் கண்டுவந்த செவிலி நற்றாய்க்கு இதனைக் கூறுகின்றாள். ஈராயிரம் ஆண்டளவிற்கு முற்பட்ட அவ்வடிசிலில் ஊன் இல்லை என்பதும், அதன் சுவையை நிறைத்தது உண்பவன் மொழிந்த ஒரு சொல் என்பதும் உளங்கொளத்தக்கன. ஆயின் அச்செய்யுளைப் போற்றும் ஆடவர், தாமும் ஒரு நாள் அப்புகையிற் கண் கலங்கி நின்றால் என்னை? இருவரும் அலுவல் நோக்கிச் செல்லும் இக்காலத்தில், துணைக்காகச் சமைக்கக் கற்றல் இருபாலார்க்கும் பொது. ஊன் உண்ணும் கணவன் ஊன் உண்ணா மனைவிக்கு ஒரு மோர்க்குழம்பு ஆக்கக் கற்பானாயின், அது மணநாளிற் பூட்டிய அணியினும் அவளுக்கு மதிப்புடையதாகும்.

ஊன் உண்ணாதவர்க்கும் கடமை உண்டு. தமக்காக ஒருவர் தம் நாவின் பழக்கத்தை மாற்றிக் கற்கின்றார் என்பதை அவர் உணர்தல் வேண்டும். உப்பு மிகுந்த நாளில் தம் தாயின் கைப்பக்குவத்தை எடுத்து ஒப்பிடலாகாது. துணை வெளியில் ஊன் உண்டு வருங்கால் முகஞ் சுளித்து விலகலாகாது. தம் வீட்டு முறைகளைத் தாமே அடுப்படியில் உடன் நின்று கற்பித்தல் வேண்டும். கற்பியாது குறை கூறும் ஆசிரியரை எந்த மாணாக்கர் விரும்புவர்? பாத்திரங்களைத் தனியே வைத்தல் இருவரும் கூடி எடுத்த முடிவாக இருக்கட்டும். ஒருவர் மற்றவர்மேற் சுமத்திய தீட்டாக இருத்தல் வேண்டா.

கிறிஸ்து பிறப்புத் திருநாள் வரும். ஊன் உணவே அந்நாளின் அடையாளம் என்று கருதும் இல்லங்கள் பல. அந்நாளில் ஊன் உண்ணாத மருமகனுக்கோ மருமகளுக்கோ தயிர்ச்சோற்றை மட்டும் ஓரத்தில் வைத்தல் விருந்தோம்பல் ஆகாது. மற்றவர்க்குப் பல கறி சமைத்த கை, அவர்க்கென ஒரு பலாப்பிஞ்சுக் கறியும் ஒரு பாயசமும் சமைத்தல் அரிதோ? அவ்வாறே பொங்கல் நாளில் ஊன் உண்ணா வீட்டார், கிறித்தவ மருமகளை வேற்றார்போல் கருதாது அடுப்படிக்கு அழைத்து அகப்பையைக் கையிற் கொடுத்தல் வேண்டும். இருபெருங் குடிகள் ஒன்றாதற்கு மேடைப் பேச்சினும் இவை பெரிதும் பயன்படும்.

ஆதலின் மாணவ நண்பர்காள்! செய்யுளை மனப்பாடம் செய்யும் நாம், ஒரு குழம்பின் பக்குவத்தையும் கற்போமாக. விடுமுறையில் வீடு செல்லுங்கால், பருப்பு எப்போது வேகும், புளி எப்போது விழும், தேங்காய் எந்நிறத்தில் அடுப்பை விட்டு இறங்கும் என்பவற்றை அன்னையரிடம் கேட்டறிவோமாக. மரக்கறி உண்ணும் தோழர் வீட்டிற்கு உண்ணச் செல்வார், அவ்வீட்டு அடுக்களைக்குள்ளும் இசைவு பெற்று நுழைந்து காண்பாராக. முன்பு இக்கல்லூரியிற் பயின்று இன்று இத்தகைய இல்லறம் நடத்தும் பழைய மாணவர் பலர் இருப்பர். அவர் தம் பட்டறிவை அடுத்த ஆண்டு மலரில் எழுதி எமக்கு வழிகாட்டுவாராயின், யாம் அதனைப் பெரும்பேறாகக் கொள்வேம்.